எல்ஆர்ஆர்கே2: கெட்ட நொதி என்று முத்திரை குத்தும் முன்

கை நடுக்கம், உடல் விறைப்பு எல்லாம் தரும் நரம்பு நோயான பார்க்கின்சன் பற்றிப் படிக்கத் தொடங்கினால் எல்ஆர்ஆர்கே2 (LRRK2) என்ற நொதியின் பெயர் சீக்கிரமே கண்ணில் படும். அதன் மரபணுவுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2004-இல் தெரிய வந்தது. உடனே அதை வில்லனாக்கிவிடுகிறோம். முதல் தவறு அதுதான்.

இது ஒரு கைனேஸ், அதாவது மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. ஒட்டியதும் அந்தப் புரதம் நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது. செல்லுக்குள் செய்தி போகும் முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று. எல்ஆர்ஆர்கே2 முக்கியமாக ஒட்டுவது ராப் புரதங்களில். செல்லுக்குள் பொருள்களைச் சுமக்கும் நுண்பைகள் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுபவை அவை. மரபணுவில் ஜி2019எஸ் என்ற மாற்றம் இருந்தால் நொதியின் வேகம் கூடுகிறது. கழிவை உடைக்கும் லைசோசோம்களின் வேலையும் தடுமாறுகிறது.

அப்படியானால் அடியோடு நிறுத்திவிடலாமே? அங்கேதான் சிக்கல். நுரையீரல், சிறுநீரகம், நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாவற்றிலும் இதற்கு வேலை இருக்கிறது. நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்த குரங்குகளின் நுரையீரல் செல்களில் மாற்றம் தெரிந்தது. அதனால் மருந்து தேடுபவர்கள் பார்ப்பது, எவ்வளவு குறைத்தால் போதும் என்பதைத்தான்.

அடுத்தது எச்சில் மாதிரி அனுப்பி வாங்கும் மரபணு அறிக்கை. கைப்பேசித் திரையில் 'ஜி2019எஸ்: கண்டறியப்படவில்லை' என்று வந்ததும் அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். அந்த மாற்றம் அதிகம் காணப்படுவது அஷ்கெனாசி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்கர்களிடமும், ஆசியர்களிடம் அரிது. சிங்கப்பூர்ச் சீனர்களிடம் ஆராயப்பட்டவை ஜி2385ஆர், ஆர்1628பி என்ற வேறு இரண்டு. சீனர்களிடம் கிடைத்த அபாய எண்ணை அப்படியே எடுத்துத் தமிழ்க் குடும்பத்துக்குப் பொருத்துவதும் சரியில்லை. தவிர, பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் ஒரே மரபணுவால் வருவதில்லை.

இப்படி ஒரு மாற்றம் இருந்தால் 'அபாயம் இரு மடங்கு' என்ற வரியும் தேவைக்கு மேல் பயமுறுத்தும். சிங்கப்பூரில் நடந்த ஆய்வு ஒன்றில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஆயிரத்தில் சுமார் 3 பேருக்குத்தான் பார்க்கின்சன் இருந்தது; சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பெரிய வித்தியாசமும் இல்லை. 3 இரு மடங்கானால் 6. மீதி 994 பேரையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், நோய்க்கு நல்லது என்று நம்பிக் குடிக்கும் 'என்சைம்' (நொதி) பானங்கள். குடிக்கும் நொதியும் புரதம்தான். வயிற்றிலேயே பெரும்பாலும் செரித்துவிடும். நரம்புச் செல்லுக்குள் இருக்கும் கைனேஸுக்கும் அந்தப் புட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை நம்பி, பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மருந்தை நிறுத்துவதுதான் இவற்றிலேயே ஆபத்தான தவறு. திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் கண்டு, மருத்துவமனை வரை போக நேரலாம்.

அப்பாவின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறதா, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா? அறிக்கைக்குக் காத்திராமல், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.