பூனை நொண்டினால் எப்போது மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்?

பூனை வலியை மறைக்கும் பிராணி. அது கத்தவில்லை, வழமைபோல் சாப்பிடுகிறது என்பதற்காக வலி இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் நொண்டுவதே வலியின் அடையாளம். ஆயினும் எல்லா நொண்டலுக்கும் இரவோடிரவாக வைத்தியரைத் தேடி ஓட வேண்டியதில்லை. பின்வரும் ஒழுங்கில் பார்த்தால், அவசரமானதை நீங்களே அடையாளம் காணலாம்.

படி 1: தொடாமல் பாருங்கள்

வெறுந்தரையில் நடக்கவிட்டு, எந்தக் கால், அதைச் சிறிதாவது ஊன்றுகிறதா, முற்றாகத் தூக்கியே வைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். கைபேசியில் வீடியோவும் எடுங்கள். வைத்தியரின் மேசையில் பல பூனைகள் ஓரடி கூட எடுத்து வைக்காமல் பதுங்கிவிடும்.

படி 2: உடனே புறப்பட வேண்டிய நிலைமைகள்

பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்து, பூனை அவற்றை இழுத்துக்கொண்டு வலியால் கதறினால், பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். முன்பாதங்களை விடப் பின்பாதங்கள் குளிர்ந்தும், அடிப்பஞ்சு (பாதத்தின் அடியிலுள்ள மெத்தென்ற பகுதி) வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால், இதயத்தில் உருவான இரத்தக்கட்டி கால்களுக்குச் செல்லும் நாடியை அடைத்திருக்கக்கூடும். பஞ்சு கறுப்பாக உள்ள பூனைகளில் நிறம் தெரியாது, குளிர்ச்சியை நம்புங்கள். விடியும்வரை காத்திருக்கக் கூடாத நிலைமை இது.

கால் தொங்கினாலும், எலும்பு தெரிந்தாலும், இரத்தம் நிற்காவிட்டாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அவ்வாறே. கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் தொடர்மாடி பல்கனியிலிருந்து விழுந்த பூனையையும், வாகனம் மோதிய பூனையையும், இலேசாக நொண்டினாலும் கொண்டுபோங்கள். நெஞ்சுக்குள் ஏற்பட்ட காயம் வெளியே தெரியாது.

படி 3: மெதுவாகத் தடவிப் பாருங்கள்

அவசர அறிகுறி இல்லையெனில், ஒருவர் பூனையைத் துவாயில் சுற்றிப் பிடிக்க, மற்றவர் விரல்களிலிருந்து மேல்நோக்கித் தடவட்டும். டோர்ச் வெளிச்சத்தில் விரலிடுக்குகளைப் பாருங்கள்: கண்ணாடித் துண்டு, முள், வயதான பூனையெனில் வளைந்து பஞ்சுக்குள்ளேயே புகுந்த நகம்.

வெளியே உலாவும் பூனைகளில், குறிப்பாகக் கருத்தடை செய்யப்படாத கடுவன்களில், அடிக்கடி காணப்படுவது கடிபட்ட இடத்தில் பிடித்த சீழ்க்கட்டி. சண்டை நடந்து இரண்டு மூன்று நாட்களின் பின்னரே அது வீங்கிச் சூடாகும். பல் பதிந்த துளையோ மிகச் சிறியது, ஈரமாகி ஒட்டிக்கிடக்கும் ஒரு கொத்து மயிருக்கடியில் ஒளிந்திருக்கும். அதைப் பிதுக்க வேண்டாம். வைத்தியர் சீழை வெளியேற்றி மருந்து கொடுக்க வேண்டும் என்பதால், மறுநாளே காட்டுங்கள்.

பிடிக்கும்போது உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசி பற்றி அறிய வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

படி 4: காத்திருக்கக்கூடிய நொண்டல்

காலை ஊன்றி நடக்கிறது, வீக்கமில்லை, சாப்பிடுகிறது என்றால், பாய்ந்து ஏற இடமில்லாத அறையொன்றில் 24 மணித்தியாலம் அடைத்து வையுங்கள். அதற்குள் தேறாவிட்டாலும், ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடாவிட்டாலும் வைத்தியரிடம் செல்லுங்கள். குணமாகி மீண்டும் மீண்டும் வரும் நொண்டலையும் காட்டத்தான் வேண்டும்.

பனடோல் கொடுக்கவே வேண்டாம்

நம் எல்லோர் வீட்டிலும் பனடோல் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பனடோலில் உள்ள பரசிற்றமோலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அதனால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறிக்கலாம். இபுபுரோபன், அஸ்பிரின் ஆகியவற்றையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால், அறிகுறி தோன்றும்வரை பாராமல் உடனே கொண்டுபோய், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

புறப்படும்போது

இரவில் எல்லா மிருக வைத்திய நிலையங்களும் திறந்திருப்பதில்லை. முதலில் தொலைபேசியில் கேளுங்கள். ஓட்டோவில் மடியில் வைத்துச் செல்லாமல், கூடையிலோ காற்றுத்துளையிட்ட பெட்டியிலோ துவாய் விரித்து மூடிக் கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுக்க மயக்கமருந்து தேவைப்பட்டால் வைத்தியர் அதைக் கேட்பார்.