ம்ர்க்ஞாவ்! ஜாய்ஸை ஜப்பானியர் கையில் கொடுப்பது எப்படி

பகலில் நான் பம்பு, கம்ப்ரசர் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கு மாற்றுகிறவன். டோக்கியோ நிஷி-கசாயில் குடியேறி 17 வருடமாகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மட்டும் எனக்கு வேறு வேலை. அக்கம்பக்கத்து ஜப்பானியர்கள் ஏழு பேரோடு சமூகக்கூடத்தின் சின்ன அறையில் உட்கார்ந்து ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின், டப்ளினில் நடக்கும் ‘யுலிசீஸ்’ நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் மொழியில் பெயர்த்துப் படிக்கிறோம். நான்கு வருடத்தில் எட்டாவது அத்தியாயத்துக்கு வந்திருக்கிறோம். மொத்தம் 18. இது மெதுவா என்று கேட்காதீர்கள், எங்களுக்கு இதுவே ஓட்டம்.

இங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர், வேறு வேறு எழுத்தாளர்களை வைத்து இதேபோல் ஒரு கூட்டம் தொடங்க வழி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பூனையிலிருந்து ஆரம்பியுங்கள். நாலாவது அத்தியாயத்தில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் நாயகன் ப்ளூம் வீட்டுப் பூனை மூன்று விதமாகக் கத்துகிறது. ம்க்ஞாவ், ம்ர்க்ஞாவ், ம்ர்க்ர்ஞாவ். ஒவ்வொரு முறையும் பசி ஒரு மெய்யெழுத்து கூடுகிறது. புள்ளியும் ஞகரமும் இருப்பதால் தமிழில் இதை அப்படியே எழுதிவிடலாம். தொல்காப்பியர் ஜாய்ஸுக்காகவே யோசித்து வைத்த மாதிரி இருக்கும். ஜப்பானிய கானா எழுத்திலோ ‘ன்’ தவிர எந்த மெய்யும் தனியாக நிற்காது, கூடவே ஓர் உயிர் ஒட்டிக்கொண்டு வரும். எழுதினால் ‘முருகுன்யாஓ’ என்று ஆகிவிடும். பூனை முருகனைக் கூப்பிடுகிறது என்று நான் சிரித்தேன், மற்றவர்களுக்குப் புரியவில்லை.

ஜப்பானியப் பூனை ‘ன்யா’ என்றுதான் கத்தும். அதைப் போட்டால் வேலை சுலபம். ஆனால் ஆங்கிலப் பூனையும் ‘மியாவ்’ என்றுதான் கத்த வேண்டும், ஜாய்ஸ் அதை வேண்டுமென்றேதான் தவிர்த்தார். ஆங்கில வாசகர் இந்த இடத்தில் நாக்கு தடுக்கி ஒரு நொடி நிற்கிறார். ஜப்பானிய வாசகரும் நிற்க வேண்டும். நாங்கள் கடைசியில், வடக்கே ஹொக்கைடோவின் பழங்குடி மொழியான ஐனுவுக்காக, கானாவின் ஒரு வகையான கதகானாவில் சேர்த்த குட்டி எழுத்துகளைப் பிடித்தோம். குட்டி ‘மு’, குட்டி ‘ரு’, குட்டி ‘கு’: ஐனுவில் இவை உயிர் இல்லாத மெய்யைக் குறிப்பவை. பழைய கைப்பேசிகளில் வெறும் கட்டமாகத் தெரியும், அதனால் அச்சிட்டே கொடுங்கள். அன்றைக்கு அறையில் ஏழு பேரும் ஒரே சமயத்தில் பூனையாகக் கத்திப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் இகெபானா என்ற பூ அலங்கார வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

சரி, இதில்தான் என் முழு முறையும் இருக்கிறது: மூலத்தின் வாசகர் எங்கே தடுக்கினாரோ அங்கே உங்கள் வாசகரும் தடுக்க வேண்டும், வேறு இடத்தில் தடுக்கக் கூடாது. சொல்வது சுலபம். இரண்டு பக்கமும் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

அதே அத்தியாயத்தில் ப்ளூமின் மனைவி மோலி, தான் படிக்கும் மலிவு நாவலில் ஒரு சொல்லைக் கொண்டைஊசியால் தேடிக் காட்டி அர்த்தம் கேட்கிறாள். ‘மெட்டெம்சைக்கோசிஸ்’. கிரேக்கச் சொல், மறுபிறவி என்று பொருள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் ‘ரின்னெ டென்ஷோ’ என்று போட்டேன். அகராதிப்படி மிகச் சரி. கூட்டத்தில் பூக்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் கேட்டார்: “இந்தப் பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா? என் பேரனுக்கே தெரியுமே.” உண்மைதான். பௌத்தம் ஊறிய நாட்டில் அது கோயில் வாசலில் கேட்கிற வார்த்தை. டப்ளினில் கடினமாக இருந்தது கசாயில் கரைந்து போயிற்று. இப்போது கிரேக்கச் சொல்லைக் கதகானாவில் அப்படியே ‘மெதெமுசைகோஷிசு’ என்று விட்டிருக்கிறோம். ப்ளூம் விளக்கம் சொல்லும்போதுதான் ரின்னெ வருகிறது.

அப்புறம் எட்டாவது அத்தியாயத்தில் ப்ளூம் அதையே மோலியின் வாயில் கேட்ட மாதிரி சிதைத்து நினைத்துக்கொள்கிறார்: ‘மெட் ஹிம் பைக் ஹோசஸ்’. அவனைச் சந்தித்தேன், ஈட்டி, காலுறை என்று என்னென்னவோ. ஜப்பானிய ஒலியிலேயே இதற்கு வழி இருந்தது. ‘சைகோ’ என்றால் ‘பிரமாதம்’, ‘ஷிசு’ என்றால் ‘இறப்பது’. வேறு எழுத்தில் எழுதினால் ‘சைகோ’வுக்கு ‘மீண்டெழுதல்’ என்றும் பொருள் வரும். மீண்டெழுந்து இறப்பது! மறுபிறவிக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். மோலி சிலேடைப் புலவர் இல்லை, காதில் விழுந்ததை உளறுகிறாள். அர்த்தம் பொருந்தினால் உளறல் கெட்டுவிடும். ‘பிரமாதம் இறக்கிறது’ என்பதையே வைத்தோம். பொறியாளர் ஒருவருக்கு இன்னும் அதில் கோபம் இருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். மோலியின் கடைசி அத்தியாயத்தில் நிறுத்தற்குறிகள் கிட்டத்தட்ட இல்லை. ஆசைக்கு அரைப் பக்கம் முன்கூட்டியே செய்து பார்த்தோம். குறிகளை எடுத்ததோடு நிற்காமல் சீன எழுத்தான கான்ஜியையும் எடுத்துவிட்டு முழுக்க ஹிரகானா என்ற ஒலியெழுத்தில் எழுதினேன், பேச்சு போல வழியட்டும் என்று. ஜப்பானியத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது, கான்ஜிதான் கண்ணுக்கு வேலி. வேலி போனதும் உரக்கப் படித்தவர் இரண்டு வரிக்கு ஒருமுறை பின்னோக்கிப் போனார். ஆங்கில வாசகருக்கு அங்கே சொல் இடைவெளியாவது இருக்கிறது. கான்ஜி திரும்பி வந்தது, காற்புள்ளி மட்டும் போயிற்று.

அடுத்தது ‘நான்’. தமிழில் ‘போனேன்’ என்றால் போதும், ‘நான்’ விகுதிக்குள் இருக்கிறது. ஜப்பானிய வினையில் அதுவும் இல்லை. ‘போனது’ மட்டும்தான் இருக்கும், யார் என்பது சூழலிலிருந்து வர வேண்டும். வேண்டுமென்றால் வதாஷி, போகு, ஒரெ, அதாஷி என்று வரிசையாக நிற்கும் ‘நான்’களில் ஒன்றை எடுக்கலாம், ஆனால் எடுத்ததுமே ஆளின் வயது, மிடுக்கு, பால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். என் முதல் வரைவில் ஒரு பக்கத்தில் 19 ‘ஒரெ’ இருந்தது. (தமிழ் ‘ஒரே’ இல்லை. முரட்டு ஆண் சொல்லும் நான்.) ப்ளூம் யாக்கூஸா என்ற ஜப்பானிய தாதா மாதிரி காலைச் சாப்பாட்டுக்குச் சிறுநீரகம் வறுத்தார்.

செய்ய வேண்டியது இது: முதல் வரைவில் எல்லா ‘நானை’யும் எழுதுங்கள், பிறகு சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடியுங்கள். அடித்ததும் வாக்கியம் விழுகிறதா பாருங்கள். பெரும்பாலும் விழாது. கதைசொல்லி பேசும் இடத்தில் ‘-த’ என்று முடியும் இறந்தகாலம், ப்ளூமின் மனம் பேசும் இடத்தில் நிகழ்காலம் அல்லது பெயர்ச்சொல்லிலேயே அறுத்து நிறுத்துவது. பூனை முட்டாள் என்கிறார்களே, நம்மை அது நன்றாகவே புரிந்துகொள்கிறது என்று அவர் நினைக்கும் இடம் அப்படித்தான் தானாக நழுவி உள்ளே போயிற்று.

ஜப்பானிய மொழித் தேர்வின் உச்ச நிலையான என்1 பாஸ் பண்ணியாயிற்று, இனிமேல் என்ன என்று நினைக்க வேண்டாம். நானும் நினைத்தேன். தாய்மொழிக்காரர் ஒருவர் ஒவ்வொரு வரியையும் பார்க்க வேண்டும். இங்கே மொழிபெயர்ப்பு வேலையில் அதற்கு ‘நேட்டிவ் செக்’ என்றே பெயர். இரண்டு பேர் கிடைத்தால் வயது வித்தியாசம் உள்ளவர்களாகப் பிடியுங்கள்.

உங்களுக்கு முன்னால் நடந்தவர்களைப் படிக்காமல் தொடங்காதீர்கள். ‘யுலிசீஸ்’ 1922-இல் பாரீசில் வெளிவந்தது. 1931-இலேயே ‘இதோ செய்’ என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் ஜப்பானிய மொழிபெயர்ப்பின் முதல் பாகத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதே ஆண்டு நாவலாசிரியர் கவபாதா, மனம் ஓடுகிறபடியே எழுதும் நனவோடை உத்தியில் கதை எழுதிப் பார்த்தார். எழுத்தாளர் மருயா சாயிச்சியும் இன்னும் இருவரும் 1964-இல் செய்ததை 1996-97-இல் திருத்தி வெளியிட்டார்கள். பதினான்காம் அத்தியாயத்தில் ஜாய்ஸ் ஆங்கில நடையின் வரலாற்றையே நடத்திக்காட்டுவார். அங்கே மருயா குழு ‘கொஜிகி’ என்ற எட்டாம் நூற்றாண்டு நூலின் காலத்திலிருந்து நவீன எழுத்தாளர்கள் வரை ஜப்பானிய நடைகளை வரிசையாக எடுத்துவைத்தது. அதைப் படித்த அன்று நான் கையேடு வேலையைத் தொடவில்லை.

யானசே நவோகியைத் தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் பெயர்க்க முடியாது என்று சொல்லப்பட்ட, ஜாய்ஸின் ‘ஃபினெகன்ஸ் வேக்’ நாவலை 1991-லும் 1993-லும் இரண்டு பகுதியாகக் கொண்டுவந்தவர். அவருடைய ஆயுதம் ஃபுரிகானா, அதாவது கான்ஜியின் பக்கத்தில் பொடி எழுத்தில் தரும் உச்சரிப்பு. நாவலின் முதல் சொல் ‘ரிவர்ரன்’. அவர் ‘ஆறு’, ‘ஓட்டம்’ என்ற இரண்டு கான்ஜியைச் சேர்த்து ‘சென்சோ’ என்று உச்சரிப்பு கொடுத்தார். கண் ஆற்றைப் பார்க்கிறது. காதில் விழுவது போர், ஏனென்றால் போருக்கும் அதே ஒலிதான். அதே வாக்கியத்தின் கடைசியில் ஹௌத் கோட்டைக்கு முன்னால் 6 கான்ஜிகள்: செழித்த நிலம், நாலாபக்கமும், நெளிந்து செல்வது. வாய்விட்டுப் படித்தால் ‘ஏய்ச்சி-ஷீ-ஈ’. ஜப்பானியர் எச், சி, ஈ என்ற எழுத்துகளைச் சொல்வதே அப்படித்தான். மூலத்தில் ‘ஹௌத் காசில் அண்ட் என்விரன்ஸ்’ என்ற சொற்களின் முதலெழுத்துகளான அந்த மூன்றுக்குள் நாயகனின் பெயர் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் காதுக்கு ஒன்றும் கொடுக்க இப்படி ஓர் ஏற்பாடு ஆங்கிலத்தில் இல்லை. உங்கள் கூட்டத்தின் முதல் நாளில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் உரக்கப் படியுங்கள், ஆட்கள் இரண்டாம் நாளும் வருவார்கள்.

கூட்டம் நடத்த ஜப்பானில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். ‘ரின்தொகு’ என்ற முறை பல்கலைக்கழகங்களில் நெடுநாளாக இருக்கிறது. முறைவைத்து ஒவ்வொருவரும் ஒரு பகுதிக்குப் பொறுப்பு, அவரே ‘ரெஜுமெ’ என்ற தாளைத் தயாரித்து வருவார். எங்கள் தாள் ஏ3 அளவு: இடப்பக்கம் மூலம் பத்து வரி, வலப்பக்கம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு, எங்களுடையது ஒன்று, கீழே வெற்றிடம். பத்து வரிக்கு மேல் வேண்டாம். கன்வினி என்ற 24 மணிநேரக் கடையில் கறுப்பு வெள்ளை நகல் எடுத்தால் போதும்.

என்னை ‘சென்செய்’, அதாவது ஆசிரியர், என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் மாதமே கெஞ்சி, பெயரோடு சேர்க்கும் சாதாரண ‘சான்’ ஆக்கிக்கொண்டேன். சென்செய் இருக்கும் அறையில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். “என்ன தோன்றுகிறது?” என்று பொதுவாகக் கேட்டாலும் மேசையைத்தான் பார்ப்பார்கள். “எந்தச் சொல்லில் நின்றீர்கள்?” என்று கேளுங்கள், விரல் வைத்துக் காட்டுவார்கள். உண்மையான கருத்து வேண்டுமென்றால் அதன்பின் இஸகாயா என்ற மதுக்கடைக்குப் போக வேண்டும். என் ஒரு பக்கம் முழுக்கவே தட்டை என்று ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் சொன்னது இரண்டாவது பீரில்தான். நான் அதை வாசிக்கும்போது அவர் தூங்கினார், 1931 மொழிபெயர்ப்பை வாசித்ததும் விழித்துக்கொண்டார். அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன்.

செய்ததை வெளியே பகிர்வதானால் உரிமை விஷயம். ஜாய்ஸ் 1941-இல் இறந்தார், 1922 பதிப்பைத் தாராளமாக எடுக்கலாம். பழைய மொழிபெயர்ப்புகளை அப்படி எடுக்க முடியாது. 1931 மொழிபெயர்ப்பில் இதோ செய்யை மட்டும் கணக்கில் கொண்டாலும், அவர் இறந்தது 1969. பழைய 50 ஆண்டுக் கணக்குப்படி 2019 முடிவில் விடுபட்டிருக்கும். ஆனால் 2018 டிசம்பர் 30 அன்று ஜப்பான் அதை 70 ஆக்கிவிட்டது, இனி 2039 முடிய வேண்டும். ஒரே வருடத்தில் தப்பிப்போயிற்று. அதனால் தாளில் சில வரிகளை மேற்கோளாக வைத்து ஒப்பிடுகிறோம், வெளியே தருவது எங்கள் வரிகளை மட்டும்.

இந்த ஜூனில் எங்கள் கூட்டத்தை 16-ஆம் தேதிக்கு மாற்றியிருக்கிறோம். நாவல் நடக்கும் நாள் அது. டோக்கியோவில் மழைக்காலம், குடை நிச்சயம். எட்டாவது அத்தியாயத்தில் ப்ளூம் மதுக்கடையில் கார்கன்ஸோலா என்ற நாற்றமடிக்கும் சீஸ் வைத்த சாண்ட்விச்சும் ஒரு கோப்பை பர்கண்டி ஒயினும் சாப்பிடுகிறார், நாங்களும் அதையே சாப்பிடுவதாகத் திட்டம். கார்கன்ஸோலாவுக்குப் பதில் நத்தோ என்ற புளித்த சோயா வைக்கலாம், நாற்றத்துக்கு நாற்றம் சரியாகப் போகும் என்று ரயில்வேக்காரர் ஒரு யோசனை வைத்தார். ஓட்டெடுப்பில் ஆறுக்கு இரண்டு என்று தோற்றது. பூக்கடை அம்மாள் அவர் பக்கம். கூடத்தில் மது அனுமதி இல்லை, பர்கண்டிக்குத் திராட்சைச் சாறு. சீஸ் நான் வாங்குகிறேன், கடுகு ரயில்வேக்காரர் பொறுப்பு.