வீட்டுத்தோட்டம் சாப்பாட்டை மாற்றியதா? வன்னிக் கிராமத்தில் அளந்து பார்க்கும் முறை

விதையும் நாற்றும் கோழிக்குஞ்சும் கொடுத்து முடிந்ததும் வரும் அறிக்கைகளைப் பார்த்திருப்பீர்கள்: இத்தனை குடும்பம், இத்தனை தோட்டம், இத்தனை கிலோ கத்தரிக்காய். அந்த வீட்டு அம்மாவும் பிள்ளையும் முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்பது மட்டும் அதில் இராது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாதர் சங்கங்களோடு சேர்ந்து இதை அளந்த முறையை எழுதுகிறேன். தோட்டம் போடும் விதத்தை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

1. எதை அளப்பது

ஓரிரு வருடத் திட்டத்துக்குப் பிள்ளைகளின் உயரத்தை அளக்கப் போகாதீர்கள். உயரம் தாயின் கர்ப்பகாலம், வயிற்றோட்டம், குடிதண்ணீர் என்று பலதில் தங்கியிருக்கிறது. 2012 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் 23 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும், தோட்டத்தில் விளைந்ததை மக்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று கண்டார்களே தவிர, பிள்ளைகளின் வளர்ச்சி கூடியதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. பல ஆய்வுகள் அந்த மாற்றத்தைப் பிடிக்கும் அளவுக்குப் பெரியவையாக இருக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

சாப்பாட்டின் பன்முகத்தன்மையை, அதாவது எத்தனை வகை உணவு சாப்பிடுகிறார்கள் என்பதை அளந்து பாருங்கள். ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டி 15 முதல் 49 வயது வரையான பெண்களுக்கு 10 உணவுக் கூட்டங்களை வகுத்திருக்கிறது: தானியமும் கிழங்கும், பயறு பருப்பு, கச்சான் எள்ளு போன்றவை, பால், இறைச்சியும் மீனும், முட்டை, கரும்பச்சை இலைகள், விற்றமின் ஏ கூடிய மற்றக் காய் பழங்கள், ஏனைய மரக்கறி, ஏனைய பழம். கேட்கும் நாளுக்கு முந்திய நாளில் இவற்றில் 5 அல்லது அதற்கு மேல் சாப்பிட்டிருந்தால் அவரை எண்ணிக்கையில் சேர்க்கலாம். ஊரில் நூற்றுக்கு எத்தனை பேர் அப்படி என்பதுதான் உங்கள் விடை. ஒரு தனிப் பெண்ணிடம் “உங்களுக்குப் போசாக்குக் காணாது” என்று சொல்ல இது உதவாது.

6 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு: தாய்ப்பாலையும் சேர்த்து 8 கூட்டம், அதில் 5.

2. கேட்கும் விதம்

பட்டியலை வாசித்து “இது சாப்பிட்டனீங்களா?” என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஓம் வரும். இப்படிக் கேளுங்கள்:

“அக்கா, நேற்று விடிய எழும்பினதில இருந்து இண்டைக்கு விடியும் மட்டும் என்னென்ன சாப்பிட்டனீங்கள், குடிச்சனீங்கள்?”

“சோறும் கறியும்தான் தம்பி.”

“என்ன கறி?”

“பருப்பு, முருங்கையிலை வறை. கொஞ்சம் நெத்தலி பொரிச்சனான்.”

“நெத்தலி நீங்களும் சாப்பிட்டனீங்களோ?”

“இல்லை, அது பிள்ளையளுக்கு.”

அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. சட்டியில் இருந்ததை அல்ல, அவர் கோப்பையில் விழுந்ததையே எழுத வேண்டும். இங்கே சோறு, பருப்பு, இலை என மூன்று கூட்டம்தான். நெத்தலி கணக்கில் வராது.

ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் வளவில் பிடுங்கியதா, வாங்கியதா, அயலவர் தந்ததா என்று குறியுங்கள். மிளகாய் விற்ற காசில் முட்டை வாங்கியிருந்தால் அதுவும் தோட்டத்தின் பயன்தான். கோழிக்குஞ்சு கொடுத்தவரையே கேள்வி கேட்க அனுப்பாதீர்கள். அவர் மனம் நோகக்கூடாதென்று நல்லதாகத்தான் சொல்வார்கள்.

3. கூட்டம் பிரித்தல்

பப்பாசி பழுத்திருந்தால் விற்றமின் ஏ கூட்டம், காயாகக் கறி வைத்தால் ஏனைய மரக்கறி. மரவள்ளிக் கிழங்கு சோற்றோடு ஒரே கூட்டம், அதன் இலை கரும்பச்சை இலை. முருங்கைக்காயும் முருங்கையிலையும் வேறு வேறு. 15 கிராமுக்கு, அதாவது கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டிக்குக் குறைவான எதுவும் சேராது. சம்பலில் போட்ட மாசித்தூளை மீன் என்று எழுத வேண்டாம்.

4. எப்போது கேட்பது

எங்களை அதிகம் மினக்கெடுத்தியது இதுதான். மழைக்கு முன் நடவேண்டும் என்று திட்டம் ஓகஸ்டில் தொடங்கும். சோளகக் காற்றில் வளவு காய்ந்து, கிணறு அடி தெரியும் காலம். முடிவுக் கணக்கெடுப்பு ஜனவரியில் வரும். அப்போது வேலியோரம் எல்லாம் பொன்னாங்காணி. விதை வாங்காத வீட்டிலும் இலைக்கறிதான். இரண்டையும் ஒப்பிட்டால் மாரிமழையின் வேலையைத் திட்டத்தின் பெயரில் எழுதுவீர்கள். முதல் வருடம் எந்த மாதமோ அடுத்த வருடமும் அதே மாதம் போங்கள். வருடத்துக்கு ஒரு தடவைதான் முடியுமென்றால் நான் கோடையைத் தேர்வேன். கோடையில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய தோட்டம்தான் குடும்பத்துக்கு உண்மையில் உதவுகிறது.

கிழமையிலும் கவனம் வேண்டும். சனிக்கிழமை ஆட்கள் வீட்டில் நிற்பார்கள் என்று போனால், நேற்று வெள்ளி. பல சைவ வீடுகளில் மீனும் முட்டையும் பூச்சியம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள்.

5. ஒப்பிட இன்னொரு ஊர்

இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். 2022 இல் சாமான் விலை ஏறியபோது முன்னும் பின்னும் மட்டும் அளந்திருந்தால் நல்ல திட்டமும் தோற்றதாகத் தெரிந்திருக்கும். கற்பனைக் கணக்கு ஒன்று: திட்ட ஊரில் நூற்றுக்கு 40 பேர் 58 ஆனார்கள், அதே குளத்துத் தண்ணீரை நம்பியுள்ள, திட்டமில்லாத ஊரில் 41 பேர் 52 ஆனார்கள். கூடியது 18, அங்கே 11. திட்டத்தின் பங்கு 7 தான். அந்த 7 ஐத் தலைநிமிர்ந்து எழுதுங்கள். ஒப்பீட்டு ஊருக்கும் அடுத்த போகத்தில் விதை கிடைக்கும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்; வெறுங்கையோடு போய்க் கேள்வி கேட்பது நியாயமில்லை.

கருவிகள்

கைத்தொலைபேசியில் கோபோ டூல்பொக்ஸ் என்ற கணக்கெடுப்புச் செயலி. சிக்னல் இல்லாத ஊரிலும் பதிந்து பிறகு அனுப்பலாம், கேள்விகளைத் தமிழிலேயே போடலாம். கணக்குக்கு எக்செல் தாராளம். விலை கொடுத்து வாங்கும் புள்ளிவிபர மென்பொருள் ஒரு சங்கத்துக்குத் தேவையே இல்லை.

பின்சேர்க்கை: மன்னாரிலிருந்து ஒருவர் தவக்காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். கத்தோலிக்க ஊர்களில் அந்த நாட்களையும் தவிருங்கள். அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் மட்டும் உள்ள வீடுகளை என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். போருக்குப் பின் இங்கே அப்படிப்பட்ட வீடுகள் பல. 49 வயதைத் தாண்டியவரை நூற்று வீதத்தில் சேர்க்க முடியாது. ஆனால் அந்த வீட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதே கேள்விகளைக் கேட்டு வேறு தாளில் எழுதி, அறிக்கையில் தனிப் பகுதியாகப் போடுங்கள்.