நிட்டிசினோன் சாப்பிடும் குழந்தை: தெரியாமல் நடக்கும் தவறுகள்

டைரோசினீமியா முதல் வகை என்பது பிறவியிலேயே வரும் அரிய நோய். புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடல் ஐந்து படிகளில் சிதைத்துக் கழிக்கிறது. கடைசிப் படியை நடத்த வேண்டிய நொதி இந்தக் குழந்தைகளிடம் வேலை செய்வதில்லை. அதனால் சக்சினைல்அசிட்டோன் என்ற நச்சு சேர்ந்து கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. 1991 வரை கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான் உருப்படியான ஒரே வழி. அந்த ஆண்டு சுவீடனின் கோத்தன்பர்க்கில் முதல் நோயாளிக்கு நிட்டிசினோன் கொடுத்தார்கள். அமெரிக்கா 2002-இலும் ஐரோப்பா 2005-இலும் இம்மருந்துக்கு ஒப்புதல் தந்தன.

இது இல்லாத நொதியை ஈடுசெய்யும் மருந்து அல்ல. இரண்டாம் படியை நடத்தும் வேறொரு நொதியை முடக்கும் மருந்து. கீழ்மதகு பழுதாகி வயல் மூழ்கும்போது மேல்மதகை அடைப்பது மாதிரி: கீழே வயல் பிழைக்கும், மேலே தண்ணீர் தேங்கும். இங்கே மேலே தேங்குவது டைரோசின். இந்த ஒன்று மனதில் பதியாததால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன.

முதலாவது, ரத்தத்தில் டைரோசின் ஏறியிருப்பதைப் பார்த்துப் பயந்து மருந்தைக் குறைப்பது. மருந்தைக் குறைத்தால் டைரோசின் இறங்கத்தான் செய்யும். கூடவே நச்சும் திரும்பி வரும். அது கல்லீரலோடு நிற்காது. நரம்பையும் தாக்கும்: கடும் வலி, கை கால் தளர்ச்சி, மூச்சுத் தசை செயலிழப்பு வரை போகலாம். டைரோசின் ஏறினால் திருத்த வேண்டியது சாப்பாட்டை. அளவைப் பொதுவாக லிட்டருக்கு 500 மைக்ரோமோலுக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். சில மையங்களில் இலக்கு இன்னும் குறைவு. சில ஆய்வகங்கள் மில்லிகிராமில் அறிக்கை தரும். டெசிலிட்டருக்கு 9 மில்லிகிராம் என்பதும் ஏறக்குறைய அதே 500 தான். 9 என்ற சின்ன எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் நம் வீடுகளில் சறுக்கல் அதிகம் இங்கேதான். "நாங்கள் சைவம், கறி முட்டை கொடுப்பதே இல்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். துவரம்பருப்பில் நூறு கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. இட்லியில் உளுந்து, சுண்டலில் கடலை, அப்புறம் பால், தயிர். அரிசியிலேயே நூறு கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம். பல குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு இயற்கைப் புரதம் சில கிராம்தான் அனுமதி என்னும்போது, கண்ணளவு போதாது, தராசு வேண்டும். ஜவ்வரிசியில் புரதம் கிட்டத்தட்ட இல்லை, மரவள்ளியில் மிகக் குறைவு. வயிறு நிறைய இவை கைகொடுக்கும். பினைல்அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தையும் மறக்கக் கூடாது, உடல் அதை டைரோசினாக மாற்றிவிடும். சர்க்கரை இல்லாத சூயிங்கம், டயட் பானம், சில மருந்துகள் ஆகியவற்றில் கலக்கும் அஸ்பார்டேமில் பினைல்அலனின் இருக்கிறது. லேபிளைப் படியுங்கள்.

ஆனால் பயந்துபோய்ப் புரதத்தை அடியோடு வெட்டுவதும் தவறு. வளரும் உடலுக்கு அது வேண்டும். அதற்குத்தான் டைரோசினும் பினைல்அலனினும் நீக்கிய சிறப்புப் புரத மாவு. வாடையும் சுவையும் சிரமம்தான், குழந்தை முகம் சுளிக்கும். இருந்தாலும் அது உணவு மட்டுமல்ல, சிகிச்சையும் கூட. மாவு கிடைக்காத நாளில், பினைல்கீட்டோனூரியா (பினைல்அலனினைச் சிதைக்க முடியாத வேறொரு பிறவி நோய்) உள்ள குழந்தையின் டப்பாவைக் கடன் வாங்கிக் கலக்கவே கூடாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதில் டைரோசினைக் கூடுதலாகவே சேர்த்திருப்பார்கள்.

கண் சிவந்து நீர் வடிந்தால், குழந்தை வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், "மெட்ராஸ் ஐ" என்று கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். தேங்கிய டைரோசின் கருவிழியில் படிகமாகப் படியலாம். களைக்கொல்லி ஆராய்ச்சியில் பிறந்த நிட்டிசினோன் எந்த நொதியை முடக்குகிறது என்ற துப்பே, ஆய்வக எலிகளின் கருவிழி மங்கியதிலிருந்துதான் கிடைத்தது. அன்றே கண் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், டைரோசினைப் பரிசோதியுங்கள். அளவு இறங்கினால் கண் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காய்ச்சலில் குழந்தை பட்டினி கிடந்தால், உடல் தன் தசையையே கரைத்து டைரோசினை ஏற்றும். சாப்பிடாத குழந்தைக்கு டைரோசின் எங்கிருந்து வரும் என்று இருந்துவிடக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், ஜவ்வரிசிக் கஞ்சி என்று சக்தி தரும் எதையாவது அடிக்கடி கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டால் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

நோயைக் கண்டுபிடிப்பதிலேயே ஒரு தவறு இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு டைரோசின் அளவை மட்டும் பார்த்து, இயல்பாக இருக்கிறது என்று விட்டுவிடுவது. முதல் சில நாட்களில் அது ஏறாமலும் இருக்கலாம். சக்சினைல்அசிட்டோன் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் மருந்து தொடங்கினால் கல்லீரல் பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது, தாமதமானால் அந்த வாய்ப்பு குறைகிறது. டைரோசினீமியா இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு இந்த மருந்து உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பழுதாகும் நொதி வேறு.

கடைசியாக ஒன்று, வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. நாலு நாள் மாத்திரையை விட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். நிட்டிசினோன் உடலில் பாதியாகக் குறையவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும், ஆகவே விட்டதன் விளைவு உடனே தெரியாது. கல்லீரல் புற்றுநோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனையான ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனையும் கல்லீரல் ஸ்கேனையும் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடவே கூடாது. மருந்து கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பைப் பெருமளவு குறைக்கிறது, அடியோடு நீக்குவதில்லை. இறங்கி வந்த ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் எண் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏறினாலும், இன்னும் இயல்பு எல்லைக்குள்தானே என்று காத்திருக்காமல், அடுத்த ஸ்கேனை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.