வீட்ல சாண்ட் பிளாஸ்டிங் பண்ணப் போறீங்களா? மாஸ்க் வாங்குறதுல நடக்குற தப்புங்க

சாண்ட் பிளாஸ்டிங்னா காத்தழுத்தத்துல மணல் மாதிரி துகள வேகமா அடிச்சு துருவையும் பழைய பெயிண்டையும் எடுக்கறது. பழைய புல்லட் ஃப்ரேம், துருப்பிடிச்ச கேட்டுன்னு எதையாவது வீட்லயே பிளாஸ்ட் பண்ணிரலாம்னு கன், கம்ப்ரஸர் எல்லாம் பாத்துப் பாத்து வாங்குறாங்க, மூச்சுக்கு என்ன போடணும்ங்கறது மட்டும் கடைசி நேரத்துல கையில கெடச்சதா இருக்கும். கர்சீஃப், டவல், சர்ஜிக்கல் மாஸ்க் கோஷ்டியப் பத்தி பேசவே வேணாம். காசு குடுத்து வாங்கியும் தப்பா வாங்குறவங்களுக்குத்தான் இது.

முதல் தப்பு அந்த ஹூட். ஆன்லைன்ல சாண்ட் பிளாஸ்டிங் ஹூட்னு தேடுனா தலையில கவுத்துக்கற மாதிரி கேன்வாஸ் உறை ஒண்ணு வரும், முன்னாடி ஒரு கண்ணாடி, தோள் வரைக்கும் தொங்குற துணி, அவ்ளோதான். பேரப் பாத்து மூச்சுக்கும் இதுவே போதும்னு நெனச்சுடறாங்க. அது தெறிக்கிற மணல் மூஞ்சில படாம தடுக்கும், வேற ஒண்ணும் பண்ணாது. காத்து உள்ள வர்ற ஹோஸ் இல்லைன்னா கீழ் ஓரமா தூசு ஏறி உள்ளயே சுத்தும், நீங்க அதையேதான் இழுத்துட்டு நிப்பீங்க.

அடுத்தது, கொரோனா டைம்ல வாங்குன என்95 இருக்கே, அது போதாதான்னு கேப்பாங்க. ஃபில்டர் 95 சதவீதம் தடுக்கும்ங்கறது உண்மைதான், ஆனா மூஞ்சிக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல லீக் இருக்கே, அதையும் சேத்துப் பாத்துதான் அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா இதுக்கு 10-ன்னு ஒரு நம்பர் குடுக்குது, அதாவது ஒழுங்கா ஃபிட் ஆனா வெளிய இருக்குற தூசுல பத்துல ஒரு பங்கு உள்ள வரலாம். ரெண்டு பக்கம் ஃபில்டர் வச்ச ரப்பர் ஹாஃப் மாஸ்க்குக்கும் அதே 10 தான், ஃபுல் ஃபேஸ் மாஸ்க்குக்கு 50. திறந்த வெளில மணல் அடிச்சா கெளம்புற புகைமூட்டத்துக்கு இதெல்லாம் பத்தாது, மணல் வச்சு அடிக்கிறப்ப தொடர்ந்து தூசு ஃபில்டர் மாஸ்க்க நம்பக் கூடாதுன்னு அவங்க விதியே இருக்கு. வெளியிலேருந்து சுத்தமான காத்த ஹோஸ் வழியா தள்ளுற பிளாஸ்டிங் ஹெல்மெட்தான் அதுக்கு சரியான சாமான். மணல் இல்லாத மீடியாவ (கன்ல போட்டு அடிக்கிற துகள), ஈயம் மாதிரி நச்சு இல்லாத பொருள் மேல, வெளில வச்சு அடிச்சா மட்டும் ஃபில்டர் மாஸ்க் ஒத்துக்கறாங்க.

அதனால மாஸ்க் வாங்குறதுக்கு முன்னாடி கன்னுக்குள்ள என்ன போடப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க, நெறைய பேரு கோட்டை விடறது இங்கதான். ஆத்து மணல்லயும் சரி, கருங்கல்ல ஒடைச்ச எம்-சாண்ட்லயும் சரி, குவார்ட்ஸ் இருக்கு. அது இரும்புல மோதித் தூளானா கண்ணுக்கே தெரியாத சைஸ்ல நுரையீரலோட அடி வரைக்கும் போய் உக்காந்துக்கும், அதனால வர்ற நுரையீரல் நோய்தான் சிலிகோசிஸ், குணப்படுத்த மருந்து கெடையாது, டிபி வர்ற சான்ஸையும் ஏத்தும். வாசனை, எரிச்சல் எதுவும் இல்லாததால அப்போதைக்கு ஒண்ணும் தெரியாது. பிரிட்டன்ல 1949-லயே பிளாஸ்டிங்குக்கு மணல் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க, நாம இன்னும் சலிச்சு மூட்டை கட்டி வச்சுட்டிருக்கோம். நம்ம தென்கடற்கரை மணல்லயே இருக்குற கார்னெட், அலுமினியம் ஆக்ஸைடு, கிளாஸ் பீட்னு மாத்து இருக்கு. சின்ன பார்ட்ஸ்னா கையுறை வச்ச மூடுன கேபினெட்டும் ஒரு டஸ்ட் கலெக்டரும் வாங்குங்க, எந்த மாஸ்க்கையும் விட அது ஒசத்தி. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம்ங்கறதையும் மறந்துடாதீங்க, வீட்டு பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக் கூடாதுன்னு நம்ம நாட்டுல கட்டுப்பாடு வந்ததே 2017 நவம்பர்லதான்.

பெயிண்ட் ஸ்ப்ரேக்கு வாங்குன கார்ட்ரிட்ஜ் மாஸ்க் பாக்க கெத்தா இருக்கும், ஆனா வெறும் கரி கார்ட்ரிட்ஜ் ஆவியத்தான் பிடிக்கும், தூசு அது வேலை இல்ல. பி100 இல்லேன்னா பி3-ன்னு தரம் போட்ட தூசு ஃபில்டர்தான் வேணும். போட்டதும் ரெண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால மூடி மெதுவா மூச்ச இழுங்க, மாஸ்க் மூஞ்சில ஒட்டி கொஞ்சம் உள்வாங்கி அப்படியே நிக்கணும். எங்கயாவது காத்து புகுந்தா ஸ்ட்ராப்ப சரி பண்ணிட்டு மறுபடியும் பாருங்க. தாடி இருந்தா ஒட்டவே ஒட்டாது, ரெண்டு நாள் முள்ளுத்தாடியும் தாடிதான். ஃபுல் ஃபேஸ் போடறவங்க கண்ணாடி போட்டிருந்தா அதோட காது கம்பி மாஸ்க் மூஞ்சில ஒட்டுற ஓரத்து வழியா போகும், அங்கயே லீக்.

இருக்குறதுலயே ஆபத்தானது, அதே கம்ப்ரஸர்லேருந்து ஒரு ஹோஸ் இழுத்து ஹெல்மெட்டுக்குள்ள விட்டுக்கறது. ஆயில் போடற கம்ப்ரஸர் சூடாச்சுன்னா கார்பன் மோனாக்ஸைடு வரலாம், பக்கத்துல ஜெனரேட்டர் ஓடுனா அந்தப் புகையையும் அதுவே உறிஞ்சித் தரும், தூசுக்குப் பயந்தவன் மயங்கி விழுவான். மூச்சுக் காத்துல கார்பன் மோனாக்ஸைடு 10 பிபிஎம் தாண்டக் கூடாது, அதுக்குன்னு தனி ஃபில்டர், அலாரம் வச்ச செட்டப் வேணும். அதெல்லாம் வாங்குற செலவுக்கு ஃப்ரேம கொண்டு போய் பிளாஸ்ட் பண்ணி பவுடர் கோட்டிங் போடற கடையில குடுத்துடறது லாபம்.

கன்ன ஆஃப் பண்ண உடனே மாஸ்க்க கழட்டறதும் வழக்கமா நடக்குறதுதான். பெரிய தூசு அடங்கிரும், ஆளப் பாதிக்கிற நைஸ் தூசு ரொம்ப நேரம் காத்துலயே மெதக்கும். தண்ணி தெளிச்சு ஈரமா வழிச்சு எடுங்க, வெளக்கமாறும் ஏர் கன்னும் வேணாம். மாஸ்க்க கடைசியா கழட்டுங்க, போட்டிருந்த துணிய வீட்டுத் துணியோட சேத்து வாஷிங் மெஷின்ல போடாதீங்க.