மடுவத்து நிறுவையை ஐந்து நிமிடப் படமாக்குவது எப்படி

திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பு படிக்கப் போனால் ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்காமல் தப்ப முடியாது. சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் வைக்கிறார்கள். அப்போது நீங்களே எடுத்த ஐந்து நிமிடப் படம் ஒன்று கையில் இருந்தால் பேச விஷயம் இருக்கும். ஆனால் மலையகத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் படங்களில் பாதி ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன: பனி மூடிய மலை, மேலிருந்து ட்ரோன், "1823ஆம் ஆண்டு..." என்று கனத்த குரல், அடுத்தது ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில். ஐந்து நிமிடத்துக்குள் 200 வருடத்தை அடைக்க முடியாது. ஒரு வேலை, ஓர் இடம், ஒரு நாள் என்றால் தாராளமாக அடங்கும்.

இங்கே உதாரணத்துக்கு எடுப்பது கொழுந்து நிறுவை, அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை மடுவத்தில் (நிறுக்கும் கொட்டகையில்) நிறுப்பது. காரணம் இருக்கிறது. பெரும்பாலான தோட்டங்களில் நிறுவை ஒரு நாளைக்கு மூன்று முறை நடக்கும்: காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து. தவறவிட்ட ஷொட்டை அன்றைக்கே இன்னொரு முறை பிடிக்கலாம். முழுப் பேரா அரைப் பேரா (முழு நாள் சம்பளமா, பாதி நாள் சம்பளமா) என்பது கிலோவில் நிற்பதால், தராசைப் பார்க்கும் முகத்தில் கதை தானாக வந்து விழும். பின்னணிக் குரல் தேவைப்படாது.

முதலில் அனுமதி

தோட்டம் கம்பனியின் நிர்வாகத்தில் இருக்கும். "எங்கள் தோட்டம்தானே" என்று கமராவோடு மலைக்குள் இறங்கினால் கணக்கப்பிள்ளை (மலையில் வேலையை மேற்பார்ப்பவர்) நிறுத்துவார், அவரில் பிழையும் இல்லை. உங்கள் துறைத் தலைவரின் ஒப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வேண்டும். எந்தத் திகதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பேர், என்னென்ன கருவி, படம் எங்கே காட்டப்படும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். துரை (தோட்ட முகாமையாளர்) கொழும்புத் தலைமையகத்தைக் கேட்க வேண்டி வரலாம். அதனால் மூன்று வாரம் முந்திக் கொடுங்கள். தொழிற்சாலைக்குள் போவதென்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். மலைக்குக் கிடைத்த அனுமதி தொழிற்சாலைக் கதவைத் திறக்காது. ட்ரோனை மறந்துவிடுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவு, அனுமதி என்று அலைந்து முடிப்பதற்குள் தவணை முடிந்துவிடும், இந்தப் படத்துக்கு அது தேவையும் இல்லை.

துரையின் அனுமதி வேறு, படத்தில் வரும் ஆளின் சம்மதம் வேறு. சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, "சரி" என்று அவர் சொல்வதையும் வீடியோவில் பதியுங்கள். தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு (ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று எடையில் கழிப்பது) பற்றி ஒருவர் மனம் திறந்து பேசினால், முகம் காட்டலாமா என்று மறுபடி கேளுங்கள். படம் முடிந்து நீங்கள் கம்பஸுக்குப் போய்விடுவீர்கள், அவர் மறுநாளும் அதே தராசின் முன்னால் நிற்க வேண்டும். வேண்டாம் என்றால் கைகளை மட்டும் எடுத்து, குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம்

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை இதற்கு எதிர்: மார்கழி, தையில் மழை; ஜூலை, ஓகஸ்டில் கச்சான் என்ற வறண்ட காற்று. கச்சான் நேரத்தில் படம் அழகாக வரும், ஒலி முழுக்கக் காற்றாகிவிடும். எந்த மாதமானாலும் பகலுக்குப் பிறகு பனி இறங்கும் என்று கணக்கு வைத்து, அகன்ற காட்சிகளைக் காலை நிறுவையிலேயே முடித்துவிடுங்கள்.

கமராவில் மாற்ற வேண்டியவை

போன் போதும், ஆனால் தானியங்கியில் விடாதீர்கள். பிளெக்மேஜிக் கமரா செயலி இலவசம், ஐபோனுக்கும் பல அண்ட்ரொயிட் போன்களுக்கும் கிடைக்கிறது. அதில் பிரேம் வேகத்தை (விநாடிக்கு எத்தனை படம்) 25க்கும் ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 விநாடிக்கும் வையுங்கள். போன்கள் வழக்கமாக 30இல் இருக்கும், தொல்லை அங்கேதான் ஆரம்பம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுங்கும். 1/50 ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் சரியாக இரண்டு மினுக்கம் அடங்கும், 1/100 என்றால் ஒன்று. 1/60 என்றால் முழு எண்ணாக அடங்காது, மடுவத்திலும் தொழிற்சாலையிலும் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். எடிட்டிங்கில் அதை நீக்குவது பெரும்பாடு.

வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும். என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் வெளிக்காட்சிக்கு மட்டும் ஷட்டரைக் கூட்டுங்கள். வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிடுங்கள்: மூட்டமான வானத்துக்கு 6500 கெல்வின், வெயிலுக்கு 5600. பூட்டாவிட்டால், தேயிலைப் பச்சை திரையில் கூடும்போதெல்லாம் போன் அதைச் சரிக்கட்டப் பார்த்து, ஒரே ஷொட்டுக்குள் முகம் சிவந்து சிவந்து மாறும். வெளிச்ச அளவை முகத்தில் வைத்துப் பூட்டுங்கள், பனியில் வைத்தால் முகம் கரியாகிவிடும். பின்னால் வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

நிறுவையை எடுக்கும் முறை

முதல் நாள் கமரா இல்லாமல் போய் மூன்று நிறுவையையும் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார், சாக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, தராசின் எண் எந்தக் கோணத்திலிருந்து தெரிகிறது, லொறி எங்கே வந்து நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். தராசடியில் நிற்கும் கணக்கப்பிள்ளைக்கும் வரிசையில் முதலாவதாக நிற்பவருக்கும் இடையில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, நாள் முழுக்க அதன் ஒரே பக்கத்தில் நில்லுங்கள். பக்கம் மாறினால், வலது பார்த்து நின்ற அக்கா அடுத்த ஷொட்டில் இடது பார்ப்பார். வெட்டி ஒட்டும்போது இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போலத் தோன்றும்.

காலை நிறுவைக்கு அகன்ற காட்சி: மடுவம், வரிசை, பின்னால் மலை. பகலில் இடைக்காட்சிகள்: இரண்டு மூன்று பேர், சாக்கைத் தூக்குவது, கூடையைக் கவிழ்ப்பது. அந்திக்கு நெருக்கக் காட்சிகள் மட்டும். சாக்கின் முடிச்சு கொக்கியில் விழுகிறது. தராசு ஆடி நிற்கிறது. எண் நிற்பதற்கு முன்பே அந்த அம்மாவின் உதடு அதை முணுமுணுக்கிறது, ஏனென்றால் தன் கொழுந்தின் கனம் தோளுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை சொல்லும் எண் அதைவிடக் குறைவு. பேனா எழுதுகிறது. கறை படிந்த விரல் சிட்டையை மடித்து இரவிக்கைக்குள் வைக்கிறது. இந்த ஆறு ஷொட்டும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். ஒருவர் கை, இன்னொருவர் முகம் என்று கலந்தால் வளையல் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் மழைப் படங்கு கட்டியிருந்தவர் பகலில் கழற்றியிருந்தால், அந்த இரண்டையும் அடுத்தடுத்து ஒட்ட முடியாது என்பதையும் குறித்து வையுங்கள்.

ஒவ்வொரு ஷொட்டையும் ஆகக் குறைந்தது பத்து விநாடி அசையாமல் பிடியுங்கள். முதல்முறை எடுப்பவர்கள் மூன்று விநாடியில் கையைத் திருப்பிவிடுவார்கள், எடிட்டிங் மேசையில் அழுவது அப்புறம். டிரைபொட்டைச் சரிவில் வைக்கும்போது கவிழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை நாளென்றால் காலுறைக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள், குனிந்து ஃபோகஸ் பார்க்கும்போதுதான் அட்டை ஏறும்.

ஒலி

படம் கொஞ்சம் மங்கினால் மன்னிப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் கவனம் போய்விடும். புள்ளி குறைவது பெரும்பாலும் இங்கேதான்.

போனின் சொந்த மைக்கை நம்ப வேண்டாம். சட்டையில் குத்தும் கொலர் மைக் ஒன்றை வாங்கி, இரண்டாவது போனில் மாட்டி, பேசுபவரின் பையில் வையுங்கள். இரண்டு போனும் பறப்பு நிலையில் இருக்கட்டும், அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். தொடக்கத்தில் கமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கை தட்டினால், பிறகு இரண்டையும் அந்தச் சத்தத்தில் பொருத்தலாம். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும், மைனஸ் 6ஐத் தாண்ட விடாதீர்கள். தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள். ஆள் பேச்சை நிறுத்தும் இடைவெளியில் அது ஓடைச் சத்தத்தை இழுத்து மேலே கொண்டுவரும், பேசத் தொடங்கியதும் கீழே தள்ளும், கேட்க மூச்சிரைப்பது போல இருக்கும்.

கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவருக்கு மைக் மாட்டிப் பயனில்லை. இடுப்புப் படங்கு செடியில் உரசும், தலையில் மாட்டிய கூடைக் கயிறு அசையும், கிடைப்பது கரகரப்பு மட்டுமே. வேலைச் சத்தத்தைத் தனியாக எடுங்கள்: காம்பு முறியும் ஒலி, படங்கு உரசல், கொக்கியின் கணீர், எண்ணைக் கூப்பிடும் குரல், லொறி பின்வாங்குவது. ஒவ்வொன்றையும் ஒரு முழம் தூரத்திலிருந்து பதியுங்கள். அத்தோடு ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட வெற்றுச் சூழல் ஒலி. வெட்டிய இடங்களில் ஒலி குழி விழாமல் நிரப்புவதற்கு இது இல்லாமல் முடியாது. காற்றுக்கு மைக்கின் மேல் மயிர்த்துணி உறை போடுங்கள், பஞ்சு உறை நம் காற்றுக்குக் காணாது.

லயத்துக்குள் பேட்டி

தகரக் கூரையில் மழை விழும்போது பேட்டி எடுக்க முடியாது, எந்த மென்பொருளும் அதைக் காப்பாற்றாது. அந்த நேரத்தில் மழையையே பதிந்து வையுங்கள், வேறு இடத்தில் உதவும். காம்பராவுக்குள் (லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறைக்குள்) வெளிச்சம் பெரும்பாலும் வாசல் வழியாகத்தான் வரும். விளக்கை அணைத்துவிட்டு, பேசுபவரை வாசலிலிருந்து மூன்று அடி உள்ளே, முகம் பாதி வாசலைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். இருண்ட பக்கம் அதிகம் கறுத்தால் ஒரு வெள்ளைப் பிரிஸ்டல் போர்டை இரண்டடி தூரத்தில் பிடியுங்கள். புகை படிந்த சுவர் பின்னால் வந்தால் நல்லது, முகம் தனித்துத் தெரியும். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் நிழலுருதான் மிஞ்சும்.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம். "வேலை கஷ்டமாக்கா?" என்றால் "ஆமா தம்பி" என்று முடிந்துவிடும். "இன்னைக்குக் காலையில எழும்புனதுல இருந்து பெரட்டுக்குப் போற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்கக்கா" என்று கேட்டால் (பெரட்டு என்றால் காலையில் வேலை பிரிக்கும் இடம்), அடுப்பு, தண்ணீர்க் குழாய், பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எல்லாம் வரிசையாக வரும். பதில் முடிந்ததும் மூன்று விநாடி வாயைத் திறக்காதீர்கள். சொல்ல வேண்டியதைப் பலர் அந்த இடைவெளியில்தான் சொல்வார்கள். நடுவில் "ஆ, ஆ" என்று கேட்பதையும் விடுங்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள்.

பனியும் பெட்டரியும்

குளிரிலிருந்து தொழிற்சாலையின் சூட்டுக்குள் நுழைந்தால் லென்ஸில் நீர் படியும், துடைக்கத் துடைக்க வரும். வெளியிலேயே கமராவைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டி, உள்ளே கொண்டுபோய் இருபது, முப்பது நிமிடம் விட்டுத் திறங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும். குளிரில் பெட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கும், அதனால் மாற்றுப் பெட்டரியும் பவர் பேங்கும் உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். பறித்த கொழுந்து வாடவே 12 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். அதே கொழுந்து அரைபடுவதைப் பிடிக்க நினைத்தால் இரவு விழிக்க வேண்டும். ஐந்து நிமிடப் படத்துக்கு அது வேண்டாம், லொறி திரும்பி வளைவில் மறைவதோடு முடியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முழு எச்டியில் விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு நிமிடம் ஏறக்குறைய 375 மெகாபைட், 70 நிமிடத்துக்கு 26 ஜிபி. ஐந்து நிமிடப் படத்துக்கு 70 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள், பார்த்து முடிக்கவே நாள் போதாது. அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.

போனின் சாதாரணக் கமராச் செயலியில் எடுத்த துண்டுகளின் பிரேம் வேகம் ஏறி இறங்கும். அதை அப்படியே டைம்லைனில் போட்டால் முதல் நிமிடத்தில் சரியாக இருந்த உதடும் ஒலியும் நான்காவது நிமிடத்தில் விலகி நிற்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் "நிலையான பிரேம் வேகம்" என்பதைத் தெரிவுசெய்து 25க்கு மாற்றிவிட்டு வெட்டத் தொடங்குங்கள். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு இந்த வேலைக்குப் போதும்.

ரிசோல்வுக்குப் பதிலாக அடோபி பிரீமியரில் வெட்டுபவராக இருந்து, தமிழ்த் தலைப்பு எழுதும்போது கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்து நின்றால், அமைப்புகளில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். எழுத்துரு யூனிகோட் ஆக இருக்க வேண்டும், பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில்) அடித்ததை ஒட்டினால் குப்பையாக வரும்.

மதிப்பிடுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அதனால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உபதலைப்பு கட்டாயம். ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்துக்குள், திரையில் ஒரு விநாடிக்குக் குறையாமல் ஏழு விநாடிக்கு மேற்படாமல். "அரைப் பேர்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் விளங்காது, "பாதி நாள் சம்பளம்" என்ற பொருளில் எழுதுங்கள். முடித்ததும் தமிழ் தெரியாத வகுப்புத் தோழர் ஒருவரை உட்கார வைத்து ஒரே ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். அந்த அம்மாவின் முகம் ஏன் மாறியது என்று அவர் கேட்டால், தராசின் எண் தெரியும் ஷொட்டை இன்னும் இரண்டு விநாடி நீட்டுங்கள்.