பழைய ஸ்கி படகில் தண்ணீர் ஏறுகிறதா? பம்பை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்ச்சறுக்கு ஆடுபவர்களை இழுத்துச் செல்லும் ஸ்கி படகுகளில், 1980களிலும் 90களிலும் கட்டப்பட்ட ஸ்கி நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட், மாலிபு வகைகள் அமெரிக்க ஏரிகளில் இன்றைக்கும் ஏராளமாக ஓடுகின்றன. என்ஜின் படகின் நடுவில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் அடித்தட்டைத் துளைத்துச் சாய்வாக இறங்கி ப்ரொப்பெல்லரைச் சுழற்றும். சுக்கான் தண்டுக்கு இன்னொரு துளை, என்ஜினைக் குளிர்விக்க ஏரித் தண்ணீரை உறிஞ்ச ஒரு துளை, வேகமானிக் குழாய்களுக்குத் தனித் துளை. இவை போக, ப்ரொப்பெல்லர் தாங்கியையும் அடித்துடுப்புகளையும் பிடித்திருக்கும் போல்ட்டுகள் வேறு. இத்தனை வழிகள் இருப்பதால் படகின் அடிக்குழியான பில்ஜில் சிறிது தண்ணீர் சேர்வது இயல்புதான். சேர்வது எவ்வளவு, எந்த நேரத்தில் என்று பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் முதல் தவறு.

பெரிய பம்ப் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பது

பில்ஜ் தண்ணீரை வெளியே தள்ள இந்தப் படகுகளில் பரவலாக இருப்பது மணிக்கு 500 காலன் பம்ப். கணக்குப்படி அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 31 லிட்டர். ஆனால் அந்த எண், ஹோஸ் இல்லாமல், தண்ணீரை மேலே தூக்காமல், முழு வோல்டேஜில் ஓடும்போது கிடைப்பது. படகில் பொருத்திய பிறகு 20 லிட்டர் வந்தாலே நல்லது. படகின் வடிதுளையை மூடும் அடிச்செருகியைப் போட மறந்து படகை இறக்கினால், 20 மி.மீ. துளை 30 செ.மீ. ஆழத்தில் இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 27 லிட்டர் உள்ளே வரும். பம்ப் தோற்றுவிடும்.

பெரிய பம்ப் போடுவதில் தவறில்லை, அவசரத்துக்கு உதவும். ஆனால் அது ஒழுக்கைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். போன மாதம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடிய பம்ப் இப்போது மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுவதை யாரும் கவனிப்பதில்லை. பில்ஜைப் பஞ்சால் ஒற்றி முழுக்க உலர்த்துங்கள். தண்ணீர் ஏறினால் பம்பைத் தானே ஓடவிடும் தானியங்கி சுவிட்சை நிறுத்திவைத்து, உள்ளே ஒரு கண் வைத்துக்கொண்டே படகை ஒரு மணி நேரம் பயன்படுத்துங்கள். பிறகு சேர்ந்ததை வாளியில் அளந்து எழுதிவையுங்கள். இந்த ஒரு எண் இல்லாமல் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் ஊகம்தான்.

எப்போது ஒழுகுகிறது என்று பிரித்துப் பார்க்காதது

ஒழுகும் நேரம்தான் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். உலர்ந்த படகை ஏரியில் இறக்கி, என்ஜினைத் தொடாமல் அரை மணி நேரம் கட்டிவையுங்கள். அப்போதே தண்ணீர் வந்தால் சந்தேகப்பட வேண்டியவை: அடிச்செருகி, ஷாஃப்ட் பேக்கிங் (ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கயிறு), தண்ணீர் உறிஞ்சும் துளையின் பொருத்து, தாங்கியின் போல்ட்டுகள், அடித்துடுப்பின் திருகுகள்.

அடுத்து, கட்டிய இடத்திலேயே கியர் போடாமல் என்ஜினை ஓடவிடுங்கள். இப்போதுதான் ஒழுக்கு தொடங்குகிறது என்றால் அது குளிர்விக்கும் பாதையில் இருக்கிறது. தண்ணீரில் விரலை வையுங்கள். ஏரியைவிடச் சூடாக இருந்தால் அது என்ஜினைச் சுற்றி வந்த தண்ணீர்: மேனிஃபோல்டு (என்ஜின் புகையைத் திரட்டும் குழாய்), தெர்மோஸ்டாட் ஹோஸ்கள், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பாதை). குளிர்ச்சியாக இருந்தால், ஏரித் தண்ணீரை என்ஜினுக்கு இறைக்கும் பம்புக்கு முன்னால் அல்லது அந்தப் பம்பிலேயே. அதன் அடியில், இரண்டு சீல்களுக்கு நடுவே, ஒரு சிறு துளை உண்டு. அதில் சொட்டினால் சீல் போய்விட்டது. அந்தத் துளையை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.

குளிர் மாநிலங்களில் வசந்த காலத்தின் முதல் ஓட்டத்தில் வரும் வெள்ளத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பனிக்காலத்துக்கு முன் என்ஜின் பிளாக்கிலும் மேனிஃபோல்டிலும் கழற்றிய பித்தளைச் செருகிகள் திரும்பப் போடப்படவில்லை. செருகிகள் எல்லாம் இருந்தும் பிளாக்கிலிருந்து கசிந்தால், உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்து இரும்பு வெடித்திருக்கலாம்.

வேகமாக ஓடும்போது மட்டும் ஒழுகுவது இன்னொரு வகை. பலர் கோட்டைவிடுவது வேகமானியின் குழாயை. ஆண்களுக்கான ஸ்லாலம் (மிதவைகளை வளைந்து கடக்கும் நீர்ச்சறுக்கு) போட்டியின் உச்ச வேகமான மணிக்கு 58 கி.மீ.யில் அந்தச் சிறு குழாய்க்குள் ஏறக்குறைய 1.3 பார் அழுத்தம் ஏறும். டேஷ்போர்டுக்குக் கீழே அது விரிசல் விட்டிருந்தால் ஓடும்போது பீய்ச்சும், படகு நின்றதும் சுவடே இருக்காது. வேகமானி முள்ளும் கூடவே குறைவாகக் காட்டினால் அங்கேதான் பாருங்கள். பின்னிருக்கையில் ஆள் ஏறும்போது மட்டும் தண்ணீர் சேர்ந்தால், நீச்சல் பலகையின் தாங்கு போல்ட்டுகளையும் சுக்கானின் பேக்கிங்கையும் சோதியுங்கள்.

எக்ஸாஸ்ட் ஹோஸைச் சாதாரண ஒழுக்காக எண்ணுவது

என்ஜினிலிருந்து படகின் பின்சுவர் வரை போகும் தடித்த ரப்பர் ஹோஸ்களில் தண்ணீரும் புகையும் சேர்ந்தே போகின்றன. அவை அடிப்பக்கத்தில், முழங்கை போன்ற வளைவுக்கு அருகில்தான் முதலில் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும். கையை அடியில் விட்டுத் தடவ வேண்டும், கண்ணாடி வைத்தும் பார்க்கலாம். தண்ணீர் ஒழுகும் இடத்தில் கார்பன் மோனாக்சைடும் ஒழுகும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பின்னிருக்கையில் குழந்தைகள் இருக்கும் படகு இது. டேப் சுற்றி ஒரு சீசன் ஓட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம். கடல்சார் ஈர எக்ஸாஸ்டுக்கென்றே செய்யப்பட்ட ஹோஸை வாங்கி, ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டு மாற்றுங்கள்.

சொட்டே விழக்கூடாது என்று பேக்கிங்கை இறுக்குவது

ஷாஃப்ட் அடித்தட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு பித்தளை நட்டுக்குள் மெழுகு ஊட்டிய கயிறு போன்ற பேக்கிங் இருக்கும். அதை நனைத்துக் குளிர வைப்பதே அந்தச் சொட்டுத் தண்ணீர்தான். ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு மூன்று நான்கு துளி விழுவது ஆரோக்கியம். நான்கு துளி என்றால் மணிக்கு ஏறக்குறைய 12 மி.லி., நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு தம்ளர் நிறையாது. ஆகவே மாலையில் பத்து லிட்டர் கிடந்தால் ‘பேக்கிங் கொஞ்சம் சொட்டும், அவ்வளவுதான்’ என்று ஆறுதல் கொள்ள முடியாது.

அளவுக்கு மீறி இறுக்கினால் பேக்கிங் காய்ந்து கருகி, ஷாஃப்டில் வரி விழும். வரி விழுந்த ஷாஃப்டில் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. இறுக்கும்போது இரண்டு பெரிய ஸ்பேனர் வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, பேக்கிங் நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்பி, பூட்டி, ஓட்டிப் பாருங்கள். ஓட்டம் முடிந்து என்ஜினை நிறுத்திய பின் நட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் தளர்த்துங்கள். ஏறக்குறைய சொட்டே இல்லாமல் வைக்கக்கூடிய புதுவகைப் பேக்கிங்குகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் சூடுதான் அளவுகோல்.

நட்டு கடைசி மரை வரை போய்விட்டால் பேக்கிங்கை மாற்றும் நேரம். பழைய வளையங்களை ஒன்று விடாமல் கொக்கியால் எடுத்துவிட வேண்டும். பழையதன் மேல் புதிதாக ஒன்றைச் சொருகுவது வீண் வேலை. தடிமனை ஊகிக்காமல், நட்டின் உள்விட்டத்திலிருந்து ஷாஃப்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள். அந்தத் தடிமனுள்ள கயிற்றை ஷாஃப்டின் மேல் சுற்றி, வளையம் வளையமாக வெட்டுங்கள். மூன்று வளையம் என்றால் வெட்டுவாய்கள் 120 பாகை தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். புதுப் பேக்கிங்கும் சில வாரங்களில் ஒழுகத் தொடங்கினால் குற்றம் பேக்கிங்கில் இல்லை. ஷாஃப்டை என்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கின் இரு தட்டுகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்திலும் வித்தியாசம் 0.08 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. தாண்டினால் என்ஜின் வரிசை விலகியிருக்கிறது. தாங்கியில் உள்ள ரப்பர் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினாலும் இதே கதைதான்.

பேக்கிங் நட்டையும் அடித்தட்டுக் குழாயையும் இணைக்கும் சிறிய ரப்பர் ஹோஸை மறக்காதீர்கள். அது பிய்ந்தால் வருவது சொட்டு அல்ல.

ட்ரெய்லர் சோதனையைத் தப்பாகச் செய்வது

படகை ட்ரெய்லரில் வைத்து, செருகியைப் போட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது நல்ல வழி. வெளிப்புறத்தை முதலில் துடைத்து உலர்த்துங்கள். உள்ளே ஊற்றும் தண்ணீரில் உணவு வண்ணம் கலந்தால் சொட்டு தெளிவாகத் தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டார் மிகத் தாழ்வாக இருக்கும். அதை நெருங்கும் முன் நிறுத்துங்கள். ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தச் சோதனையில் எக்ஸாஸ்ட், வேகமானி, குளிர்விக்கும் ஹோஸ் ஆகியவற்றின் ஒழுக்கு தெரியாது.

ட்ரெய்லரில் என்ஜினை ஓட்டுவதாக இருந்தால், உறிஞ்சும் ஹோஸைக் குழாய்த் தண்ணீர் ஓடும் வாளியில் விடுங்கள். கியர் மட்டும் போடாதீர்கள். தாங்கியின் ரப்பர் பேரிங்குக்கும் பேக்கிங்குக்கும் ஏரித் தண்ணீர்தான் எண்ணெய்.

செருகியைக் கழற்றி மூக்கைத் தூக்கி நிறுத்திய பிறகும் நாள் கணக்கில் சொட்டுகிறதா? அது ஒழுக்கு அல்ல. தரைக்கு அடியில் உள்ள ஃபோம் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. 1993க்கு முந்தைய ஸ்கி நாட்டிக்குகளின் உள்சட்டங்கள் மரம். மேலே ஃபைபர்கிளாஸ் பளபளத்தாலும் உள்ளே உளுத்திருக்கலாம். சட்டத்தைச் சுத்தியல் பிடியால் தட்டினால் ஓசை மந்தமாக மாறும் இடம் தெரியும்.

பம்ப் சுற்றுகிறது, ஆகவே நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது

சத்தம் கேட்டால் போதாது, வெளித்துளையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். சத்தம் வந்தும் தண்ணீர் வரவில்லை என்றால், முதலில் வடிகூடையைக் கழற்றி இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சிறு சக்கரம்) முடி, நூல், கயிற்று இழை சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வயர்கள். பிளஸ் மைனஸ் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றி, தண்ணீரைப் பேருக்குத் தள்ளும். ஹோஸ் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கியிருந்தால் காற்று அடைபடும். ஹோஸ் தொடர்ந்து மேல்நோக்கியே போக வேண்டும், உட்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். உள்ளே வரிவரியான மலிவு ஹோஸ் ஓட்டத்தைக் கணிசமாகத் தின்றுவிடும்.

பம்ப் நின்றதும் மீண்டும் மீண்டும் தானே ஓடினால், ஹோஸிலிருந்து தண்ணீர் திரும்பி வருகிறது. 19 மி.மீ. ஹோஸ் இரண்டு மீட்டர் இருந்தால் அரை லிட்டருக்கு மேல் திரும்பும். அது தானியங்கி சுவிட்சின் மிதவையைத் தூக்கப் போதும். அதற்காக ஒருவழி வால்வு போடாதீர்கள், குப்பை சிக்கினால் வழியே அடைபடும். ஹோஸைச் சுருக்குங்கள், மிதவையைச் சற்று உயர்த்துங்கள். மிதவை பம்பின் அடியைவிடத் தாழ்வாக இருந்தால் பம்ப் நிற்காமல் ஓடிக் கருகும்.

சத்தமே இல்லை என்றால் மல்டிமீட்டர் எடுங்கள். சுமை இல்லாமல் அளந்தால் பழைய வயரும் 12.6 வோல்ட் காட்டி ஏமாற்றும். சுவிட்சைப் போட்டுக்கொண்டே பம்பின் முனையில் அளந்து, பேட்டரி முனையில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். 0.4 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ பச்சை பூத்த இணைப்பு இருக்கிறது. பில்ஜில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு சீசன்கூடத் தாங்காது. ஈயம் பூசிய செப்பு வயர், பசையுடன் சுருங்கும் உறை, இணைப்பு முடிந்தவரை உயரத்தில். மிதவை சுவிட்சுக்கான வயர் பேட்டரி சுவிட்சைத் தாண்டி, தனி ஃபியூஸுடன் நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கரையில் கட்டிவிட்டு எல்லாவற்றையும் அணைத்த நிமிடமே காவல் இல்லாமல் போகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதைப் போட்டால், இம்பெல்லர் சிக்கிய அன்று வயர் எரியும். பம்பில் அச்சிட்டுள்ள ஆம்பியர் மட்டுமே.

பம்பின் அடித்தட்டை நேராகப் படகின் அடியில் திருகுவது இன்னொரு பழக்கம். ஒழுக்கைத் தேடும் படகில் புதுத் துளை எதற்கு? எபாக்ஸியால் ஒட்டிய சிறு பலகையில் திருகுங்கள். மாற்றும் பம்பும் சுவிட்சும் தீப்பொறி வெளிவராத கடல்சார் வகையாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி தங்குவது அதே குழியில்தான். அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியான ப்ளோயரை நான்கு நிமிடம் ஓடவிட்டு, என்ஜின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பில்ஜில் எண்ணெய் படலம் தெரிந்தால் தானியங்கி பம்பை நிறுத்திவிட்டு, எண்ணெய் உறிஞ்சும் துணியால் எடுங்கள். ஏரியில் எண்ணெய்ப் படலம் விடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.